சார்காய்டோசிஸ் நோயறிதலில் மார்புவழித் திசு ஆய்வு

சார்காய்டோசிஸ் நோயறிதலில் மார்புவழித் திசு ஆய்வு என்பது, கண், இதயம், நரம்பு மண்டலம், கல்லீரல் போன்ற உறுப்புகளில் வெளிப்படும் சார்காய்டோசிஸ் நோயை உறுதி செய்வதற்கு, அந்த உறுப்புகளைத் தொடாமல், நுரையீரலிலிருந்தோ நடுமார்பில் உள்ள நிணநீர்க்கணுக்களிலிருந்தோ திசுவை எடுத்து ஆராயும் முறையாகும். நோயாளிக்கு இருமலோ மூச்சுத்திணறலோ இல்லாதபோதும், சில வேளைகளில் மார்பு எக்ஸ்-கதிர்ப் படம் இயல்பாகத் தோன்றும்போதும் கூட இம்முறை பயன் தருவதுண்டு.

"நோய் கண்ணில் இருக்கும்போது மார்பில் ஏன் ஊசி?" என்று நோயாளிகள் கேட்பது இயல்பே. சார்காய்டோசிஸ் ஓர் உறுப்பின் நோயன்று, உடல் முழுவதையும் தழுவிய நோய் என்பதே இதற்கு விடை. அது எங்கே தொல்லை கொடுக்கிறது என்பதும், எங்கே எளிதாகக் கண்டறியப்படும் என்பதும் இருவேறு வினாக்களாகும்.

நோயின் இயல்பு

சார்காய்டோசிஸ் நோயில் உடலின் நோயெதிர்ப்புச் செல்கள் ஒன்றாகத் திரண்டு, கிரானுலோமா எனப்படும் நுண்ணிய மணி போன்ற கட்டிகளாக உருவாகின்றன. இக்கட்டிகளின் நடுவே உருமாறிய விழுங்கு செல்களும் பல்கருப் பெருஞ்செல்களும் நெருக்கமாக அமைந்திருக்கும். சுற்றிலும் நிணநீர்ச் செல்கள் வளையமாகச் சூழ்ந்திருக்கும். காசநோயில் காணப்படும் பாலாடைக்கட்டி போன்ற சிதைவு இவற்றில் பொதுவாக இருப்பதில்லை. நோயின் காரணம் இன்றளவும் உறுதியாகக் கண்டறியப்படவில்லை. மரபுவழியாக எளிதில் ஆட்படக்கூடிய ஒருவரின் உடல், வெளியிலிருந்து வரும் ஏதோ ஒரு பொருளுக்கு மிகையாக எதிர்வினை ஆற்றுவதால் இது தோன்றுகிறது என்று கருதப்படுகிறது.

கிரானுலோமா எந்த உறுப்பிலும் உண்டாகலாம். எனினும் மார்புப் பகுதியே அதன் முதன்மையான இருப்பிடம். ஐக்கிய அமெரிக்காவில் 1990களின் பிற்பகுதியில் 736 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்ட 'ஆக்சஸ்' ஆய்வில், ஏறத்தாழ 95 விழுக்காட்டினருக்கு மார்பு உறுப்புகளில் நோய் காணப்பட்டது. மார்புக்கு வெளியே மட்டும் நோய் இருந்தவர்கள் ஏறத்தாழ 2 விழுக்காட்டினரே. இவ்வாய்வில் நுரையீரல் மருத்துவர்களின் பங்கு பெரிது என்பதால், கண் அல்லது இதய மருத்துவரிடம் முதலில் செல்லும் நோயாளிகளுக்கு இவ்விகிதம் அப்படியே பொருந்தும் எனக் கொள்ளலாகாது. ஆனாலும் வேறெந்த உறுப்பில் நோய் வெளிப்பட்டாலும் மார்பிலும் அதன் தடம் இருக்கும் வாய்ப்பு மிகுதி என்னும் பொதுவுண்மை மாறுவதில்லை.

மார்பு எக்ஸ்-கதிர்ப் படத்தைக் கொண்டு நோய் ஐந்து நிலைகளாகப் பிரிக்கப்படுகிறது. சுழிய நிலையில் படம் இயல்பாக இருக்கும். முதல் நிலையில் நிணநீர்க்கணுக்கள் மட்டும் வீங்கியிருக்கும். இரண்டாம் நிலையில் நுரையீரலிலும் மாற்றம் தெரியும். மூன்றாம் நிலையில் நுரையீரல் மாற்றம் மட்டும் காணப்படும். நான்காம் நிலையில் நுரையீரலில் தழும்பேறியிருக்கும். முதல் நிலையில் உள்ள பலருக்கு மார்பில் எவ்வித அறிகுறியும் இருப்பதில்லை. கண் அழற்சிக்காகவோ மயக்கத்துக்காகவோ எடுக்கப்படும் படத்தில் கணுக்களின் வீக்கம் தற்செயலாகத் தெரியவருகிறது.

பாதிக்கப்பட்ட உறுப்பிலிருந்தே திசு எடுப்பதில் உள்ள இடர்

சார்காய்டோசிஸை உறுதியாகக் காட்டும் குருதிச் சோதனை எதுவும் இல்லை. குருதியில் ஆஞ்சியோடென்சின் மாற்று நொதியின் அளவு பல நோயாளிகளிடம் கூடுகிறது. ஆனால் பலரிடம் இயல்பாகவே இருக்கிறது, வேறு நோய்களிலும் கூடுகிறது. எனவே பொருந்திவரும் நோய்க்குறிகள், திசுவில் கிரானுலோமா, அதே தோற்றத்தைத் தரும் பிற நோய்கள் விலக்கப்படுதல் ஆகிய மூன்றும் கூடியே நோய் முடிவு செய்யப்படுகிறது. இவற்றுள் திசுவைப் பெறுவதே நடைமுறையில் கடினமான படி.

தோலில் புடைப்போ கழுத்தில் வீங்கிய கணுவோ இருந்தால் சிக்கல் இல்லை. அங்கிருந்தே திசு எடுக்கலாம். அவ்வாறு எளிதில் எட்டும் இடம் இருக்கும்போது மார்பை நாடவேண்டியதில்லை. இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. கால்களில் தோன்றும் சிவந்த வலிமிக்க கணுத்தடிப்புகள் சார்காய்டோசிஸுடன் அடிக்கடி வருபவை என்றாலும், அவற்றில் கிரானுலோமா இருப்பதில்லை. அவற்றை வெட்டி ஆராய்வதால் பயனில்லை.

உள்ளுறுப்புகளின் நிலை வேறு. கண்ணின் உட்பகுதியிலிருந்து திசு எடுப்பது பார்வையையே பணயம் வைப்பதாகும். மூளையிலும் தண்டுவடத்திலும் திசு எடுக்க அறுவை மருத்துவம் வேண்டும். அதனால் நிலையான ஊனம் நேரக்கூடும். இதயத்தில் சிரை வழியாகக் கருவியைச் செலுத்தி வலக் கீழறைச் சுவரிலிருந்து சிறு துணுக்குகளைக் கிள்ளி எடுக்கலாம். ஆனால் இதயத்தில் கிரானுலோமாக்கள் திட்டுத்திட்டாகப் பரவியிருப்பதால், நோய் உண்மையில் இருப்பவர்களிலும் ஏறத்தாழ நால்வரில் ஒருவரிடமே, சில ஆய்வுகளில் அதற்கும் குறைவானவர்களிடமே, அது அகப்படுகிறது. இதயச் சுவர் துளைபடும் இடரும் உண்டு. கல்லீரலில் திசு எடுப்பது ஓரளவு எளிது. ஆனால் அங்கே கிரானுலோமா தோன்றுவதற்குக் காசநோய், பித்தக்குழாய் அழற்சி, மருந்து ஒவ்வாமை எனக் காரணங்கள் பல. ஆகவே கல்லீரலில் மட்டும் கிடைக்கும் விடை ஐயத்தை முழுதும் தீர்ப்பதில்லை.

இத்தகைய நிலைகளில், மார்பில் அமைதியாக வீங்கிக் கிடக்கும் ஒரு நிணநீர்க்கணு பெரும் உதவியாகிறது.

வரலாறு

இந்நோயின் தோல் வடிவத்தை இங்கிலாந்தின் ஜொனாதன் ஹட்சின்சன் 1877இல் விவரித்தார். நோர்வேயைச் சேர்ந்த சீசர் பெக் 1899இல் தோல் கட்டிகளின் நுண்ணோக்கித் தோற்றத்தை விளக்கி, சதைப் புற்றை ஒத்தது என்னும் பொருள்படப் பெயரிட்டார். டென்மார்க்கின் கண் மருத்துவர் கிறிஸ்தியான் ஹீர்போர்ட் 1909இல் கண் அழற்சி, கன்ன உமிழ்நீர்ச் சுரப்பி வீக்கம், காய்ச்சல், முகவாதம் ஆகியவை சேர்ந்து வரும் நோய்த்தொகுதியை விவரித்தார். இவையெல்லாம் ஒரே நோயின் பல முகங்கள் என்ற கருத்தை வலுப்படுத்தியவர் சுவீடனின் யோர்கன் ஷாமன்.

திசுவைப் பெறும் வழிகளின் வரலாறு, மார்பை மேலும் மேலும் மென்மையாக அணுகிய வரலாறாகும். 1940களில் நோர்வேயின் ஆன்ஸ்கர் குவெய்ம் அறிமுகப்படுத்திய சோதனையில், நோயாளி ஒருவரின் திசுச்சாறு மற்றொருவரின் தோலுக்குள் செலுத்தப்பட்டது. சில வாரங்கள் கழித்து அவ்விடத்தில் கிரானுலோமா உண்டாகியுள்ளதா என்று பார்க்கப்பட்டது. மனிதத் திசுவை ஊசியால் செலுத்துவதில் தொற்று அச்சம் இருப்பதாலும், தரமான சாறு கிடைக்காததாலும் இச்சோதனை வழக்கொழிந்தது. 1949இல் டேனியல்ஸ் என்பவர் கழுத்தடிக் கொழுப்புப் பகுதியிலுள்ள கணுக்களை வெட்டி ஆராயும் முறையை விவரித்தார். சுவீடனின் எரிக் கார்லன்ஸ் 1959இல் கழுத்தின் அடியில் சிறு கீறலிட்டுக் குழாய் ஒன்றைச் செலுத்தி நடுமார்புக் கணுக்களை நேரில் கண்டு திசு எடுக்கும் நடுமார்பு உள்நோக்கல் முறையை வெளியிட்டார். மிகத் துல்லியமான முறை அது; ஆனால் முழு மயக்கமும் அறுவைக்கூடமும் தேவைப்பட்டன, கழுத்தில் தழும்பும் எஞ்சியது.

ஜப்பானைச் சேர்ந்த ஷிகெட்டோ இகெடா 1960களின் நடுவில் வளையும் தன்மையுள்ள மூச்சுக்குழாய் உள்நோக்கியை உருவாக்கியது பெருந்திருப்பமாகும். அதன் வழியே கிள்ளுகருவியைச் செலுத்தி நுரையீரல் துணுக்குகளை எடுப்பது 1970களில் பரவியது. மூச்சுக்குழாய்ச் சுவரைத் துளைத்து அப்பாலுள்ள கணுவிலிருந்து ஊசியால் உறிஞ்சி எடுக்கும் முறையை அமெரிக்காவில் கோ பென் வாங் வளர்த்தெடுத்தார். அப்போது ஊசி செல்லும் இடம் கண்ணுக்குத் தெரியாது. உடற்கூற்று அறிவையும் கைப்பழக்கத்தையும் மட்டுமே நம்பவேண்டியிருந்தது. 2000களின் தொடக்கத்தில் உள்நோக்கியின் நுனியிலேயே குவிந்த மீயொலி உணரி பொருத்தப்பட்ட பின்னர், கணுவையும் அதற்குள் நுழையும் ஊசியையும் திரையில் ஒருசேரக் காண முடிந்தது.

முறைகள்

மீயொலி வழிகாட்டலுடன் மூச்சுக்குழாய் வழி ஊசி உறிஞ்சல்

தற்போது முதலில் நாடப்படும் முறை இதுவே. அமெரிக்க மார்பு மருத்துவக் கழகம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், திசு தேவைப்படும் நோயாளிகளுக்கு நடுமார்பு உள்நோக்கலைக் காட்டிலும் இதை முதல் முறையாகக் கொள்ளலாம் எனப் பரிந்துரைக்கிறது.

நோயாளி சில மணி நேரம் உணவின்றி இருக்கவேண்டும். தொண்டை லிக்னோகெயின் மருந்தால் மரத்துப்போகச் செய்யப்படுகிறது. நரம்பு வழியே தூக்க மருந்து தரப்படுகிறது. ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் தடிப்புள்ள கருவி வாய் வழியே மூச்சுக்குழாய்க்குள் செல்கிறது. மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் கவட்டின் கீழுள்ள கணு, அதன் வலப்புறமுள்ள கணு, நுரையீரல் வேர்ப்பகுதிக் கணுக்கள் ஆகியவை வழக்கமான இலக்குகள். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிப்புள்ள ஊசி, சுவரைத் துளைத்துக் கணுவுக்குள் முன்னும் பின்னும் அசைக்கப்படுகிறது. ஒரே இடத்தில் பன்முறை உறிஞ்சுவது வழக்கம். எடுத்ததை உடனே சில்லில் பரப்பிச் சாயமேற்றி, போதிய செல்கள் கிடைத்தனவா என்று நோயியல் வல்லுநர் அங்கேயே பார்த்துவிடும் வசதி சில மருத்துவமனைகளில் உண்டு. பெரும்பாலான நோயாளிகள் அன்றே வீடு திரும்புகின்றனர்.

தொண்டை வலி, சிறிதளவு இருமற்குருதி, குறுங்காய்ச்சல் ஆகியவை பின்விளைவுகளாக வரலாம். நடுமார்பில் தொற்றும் பெருங்குருதிப் போக்கும் மிக அரிதானவை. குருதி உறையாமல் தடுக்கும் மருந்துகளை உட்கொள்வோர் அதனை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். இதே கருவியை உணவுக்குழாய்க்குள் செலுத்தியும் சில கணுக்களை எட்டலாம். இருமல் மிகுந்தவர்களுக்கும் மூச்சுத்திணறல் உள்ளவர்களுக்கும் அவ்வழி இலகுவானது.

நுரையீரல் துணுக்கு ஆய்வு

கிள்ளுகருவியை நுண்கிளைகள் வரை செலுத்தி நுரையீரல் திசுவை எடுப்பது பழைய முறை, ஆயினும் காலாவதியாகவில்லை. சார்காய்டோசிஸின் கிரானுலோமாக்கள் மூச்சுக்கிளைகளையும் நிணநாளங்களையும் ஒட்டியே வரிசையாக அமைவதால், கருவி செல்லும் பாதையிலேயே அவை அகப்படுகின்றன. நுரையீரல் உறை கிழிந்து காற்று கசிவதும் குருதிப் போக்கும் இதன் முக்கிய இடர்கள். குறைந்த விழுக்காட்டினருக்கே இவை நேர்ந்தாலும், ஊசி உறிஞ்சலைக் காட்டிலும் மிகுதி. மூச்சுக்குழாயின் உட்சுவரிலிருந்து எடுக்கப்படும் துணுக்கு இதனினும் எளியது. சுவர் கண்ணுக்கு இயல்பாகத் தெரிந்தாலும் சிலரிடம் கிரானுலோமா கிடைக்கிறது.

மூச்சுக்கிளைக் கழுவுநீர் ஆய்வில் உதவி நிணநீர்ச் செல்களின் விகிதம் கூடியிருப்பது நோய்க்கு ஆதரவான சான்று. ஆனால் கழுவுநீரில் கிரானுலோமா தெரியாது. எனவே அது திசுவுக்கு ஈடாகாது. கணுவுக்குள் சிறு உறைகுளிர்க் கருவியைச் செலுத்திச் சற்றே பெரிய துணுக்கை ஒட்டியெடுக்கும் புதிய முறையும் அண்மையில் வந்துள்ளது. 2021இல் வெளியான ஒப்பாய்வு ஒன்றில், புற்றல்லாத நோய்களில் ஊசியை விட இது கூடுதல் பலன் தந்தது.

எம்முறை மேல்?

ஐரோப்பாவில் நடத்தப்பட்டு 2013இல் வெளியான 'கிரானுலோமா' ஆய்வில், முதல் இரு நிலைகளைச் சேர்ந்த 304 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். உள்நோக்கி மீயொலி முறையில் 80 விழுக்காட்டினரிடமும், வழக்கமான துணுக்கு ஆய்வில் 53 விழுக்காட்டினரிடமும் கிரானுலோமா கண்டறியப்பட்டது. சண்டிகரில் 130 பேரிடம் நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஆய்வு இதற்கொரு நடைமுறை நுணுக்கத்தைச் சேர்த்தது. ஊசிகளை மட்டும் ஒப்பிட்டபோது மீயொலி வழிகாட்டல் தெளிவாக முந்தியது. ஆனால் மீயொலி இல்லாத பழைய ஊசியுடன் நுரையீரல் துணுக்கும் உட்சுவர்த் துணுக்கும் சேர்த்து எடுக்கப்பட்டபோது இடைவெளி பெரிதும் குறைந்தது. விலையுயர்ந்த கருவி இல்லாத மருத்துவமனைகளுக்கு இது முக்கியமான செய்தி. கருவி ஒன்றை மட்டும் நம்புவதைவிட, கிடைக்கும் முறைகளை இணைப்பதே பெரும்பாலும் சிறந்தது.

உறுப்புவாரியான பயன்பாடு

கண்

யூவியைட்டிஸ் எனப்படும் விழிநடுப்படல அழற்சி சார்காய்டோசிஸின் முதல் அறிகுறியாக வருவதுண்டு. விழியின் முன்னறையில் ஆட்டுக்கொழுப்புத் துளி போன்ற படிவுகளும், பின்பகுதியில் பனிப்பந்து போன்ற ஒளிபுகாத் திரள்களும் கண் மருத்துவரின் ஐயத்தைத் தூண்டுகின்றன. ஜப்பானில் தொடங்கிய பன்னாட்டுக் கலந்தாய்வின் அளவுகோல்கள் 2009இல் வெளியாகி 2019இல் திருத்தப்பட்டன. அவற்றின்படி, பொருத்தமான விழி அழற்சியுடன் உடலில் ஓரிடத்தில் திசுச் சான்று கிடைத்தால் அது உறுதியான கண் சார்காய்டோசிஸ் ஆகும். திசு கண்ணிலிருந்து எடுக்கப்பட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

எக்ஸ்-கதிர்ப் படத்தில் கணு வீக்கம் தென்படாத, ஆனால் கண் சார்காய்டோசிஸ் என ஐயுறப்பட்ட நோயாளிகளுக்கு நுரையீரல் துணுக்கு ஆய்வு செய்த ஜப்பானிய மருத்துவர்கள், அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் கிரானுலோமாவைக் கண்டு 1993இல் வெளியிட்டனர். இயல்பான படம் நோயின்மைக்குச் சான்றாகாது என்பதை இது நன்கு காட்டியது. இன்று அத்தகையோருக்குச் சி.டி. படம் எடுக்கப்படுவதால் எக்ஸ்-கதிரில் தெரியாத சிறு கணுக்களும் புலப்படுகின்றன.

இதயம்

இதய சார்காய்டோசிஸ் மின்கடத்தல் தடையாகவும், கீழறை மிகைத்துடிப்பாகவும், சில வேளைகளில் திடீர் இறப்பாகவும் வெளிப்படுகிறது. பின்லாந்தில் 2011இல் வெளியான ஆய்வொன்றில், 55 வயதுக்குட்பட்டோரில் காரணம் புலப்படாத கடத்தல் தடைக்குப் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்ட 72 பேருள் ஏறத்தாழ கால்வாசிப் பேருக்குப் பின்னர் இதய சார்காய்டோசிஸ் இருந்தது தெரியவந்தது. பேஸ்மேக்கர் துடிப்பைக் காக்கும். அடியில் நடக்கும் அழற்சியைத் தணிக்காது. எனவே காரணத்தைத் தேடாமல் விடுவது இவர்களுக்குப் பேரிழப்பாக முடியலாம்.

இதய மின்துடிப்பியல் வல்லுநர்களின் 2014ஆம் ஆண்டு பன்னாட்டு ஒருமித்த அறிக்கை இரு வழிகளை ஏற்கிறது. ஒன்று இதயத் தசையிலேயே கிரானுலோமாவைக் காண்பது. மற்றொன்று, இதயத்துக்கு வெளியே திசுச் சான்று இருந்து, வரையறுத்த இதயக் குறிகளுள் ஒன்றேனும் காணப்பட்டு, பிற காரணங்கள் விலக்கப்படுவது. இது 'பெரிதும் வாய்ப்புள்ள' நோய் எனக் கொள்ளப்படும். நடைமுறையில் பல நோயாளிகளுக்கு மருந்தைத் தொடங்க இந்த இரண்டாம் வழியே துணை. சர்க்கரைச் சேர்மத்தைக் கொண்டு எடுக்கப்படும் பெட் படம், இதயத்தில் அழற்சி இருக்கும் இடங்களையும் மார்பில் ஊசிக்கு ஏற்ற கணுவையும் ஒரே அமர்வில் காட்டிவிடுகிறது. துடிப்பு சீர்குலைந்துள்ள நோயாளிக்கு உள்நோக்கி செலுத்துவதற்கு முன் துடிப்பு நிலைப்படுத்தப்பட வேண்டும்.

நரம்பு மண்டலம்

முகவாதம், பார்வை நரம்பு அழற்சி, மூளையுறை அழற்சி, தண்டுவட வீக்கம் எனப் பல வடிவங்களில் நரம்பு சார்காய்டோசிஸ் தோன்றுகிறது. 2018இல் வெளியான ஒருமித்த அளவுகோல்கள் மூன்று படிகளை வகுக்கின்றன. திசுச் சான்றே இல்லையெனில் 'இருக்கக்கூடும்'; நரம்பு மண்டலத்துக்கு வெளியே சான்று இருந்தால் 'பெரிதும் வாய்ப்புண்டு'; நரம்புத் திசுவிலேயே சான்று இருந்தால் 'உறுதி'. மார்புக் கணுவிலிருந்து கிடைக்கும் சில துளிச் செல்கள் நோயாளியை முதற் படியிலிருந்து இரண்டாம் படிக்கு உயர்த்துகின்றன. மண்டையோட்டைத் திறக்காமலேயே மருத்துவத்தைத் தொடங்க அது போதுமானதாக அமைகிறது.

காசநோயிலிருந்து வேறுபடுத்தல்

காசநோய் பரவலாக உள்ள இந்தியா போன்ற நாடுகளில் இம்முறையின் மிகக் கடினமான பகுதி, கிரானுலோமாவைக் கண்டறிந்த பின்னரே தொடங்குகிறது. காசநோயும் நடுமார்புக் கணுக்களை வீங்கச் செய்யும். அதுவும் கண்ணையும் மூளையையும் தாக்கும். அதன் கிரானுலோமாவில் எப்போதும் சிதைவு தெரிய வேண்டும் என்பதும் இல்லை. சார்காய்டோசிஸுக்குத் தரப்படும் ஸ்டீராய்டு மருந்து, கண்டறியப்படாத காசநோயைப் பெருகச் செய்யும். மறுபுறம், சார்காய்டோசிஸ் நோயாளி பல மாதங்கள் தேவையற்ற காசநோய் மருந்துகளை உட்கொண்டு, அதற்குள் பார்வையை இழக்கவும் கூடும். இரண்டு தவறுகளும் நிகழ்பவையே.

ஆகவே எடுக்கப்படும் திசுவை எவ்வாறு பகிர்வது என்பதை முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டும். ஒரு பகுதி பார்மலினில் இடப்பட்டு நோயியல் கூடத்துக்குச் செல்கிறது. பார்மலின் கிருமிகளைக் கொன்றுவிடும். அதில் இட்ட திசுவைக் கொண்டு கிருமி வளர்ப்புச் செய்ய இயலாது. எனவே இன்னொரு பகுதி உப்பு நீரில் தனியாக அனுப்பப்பட வேண்டும். அதிலிருந்து அமிலம் தாங்கும் கிருமிகளுக்கான சாயச் சோதனை, ஜீன்எக்ஸ்பெர்ட் போன்ற மரபணுச் சோதனை, கிருமி வளர்ப்பு ஆகியவை செய்யப்படுகின்றன. வளர்ப்பு முடிவு வரச் சில வாரங்கள் ஆகும். திசு முழுவதையும் பார்மலினில் இட்டுவிட்டால் நோயாளி மீண்டும் ஒருமுறை ஊசிக்கு ஆளாக நேரிடும்.

மாண்டூ தோல் சோதனையும் இங்கே தனிப்பயன் தருகிறது. சார்காய்டோசிஸ் நோயாளிகளின் தோல் இச்சோதனைக்குப் பெரும்பாலும் எதிர்வினை காட்டுவதில்லை. மிகுந்த மக்கள் காசநோய்க் கிருமியால் தொடப்பட்டிருக்கும் நாட்டில், எதிர்வினையின்மை சார்காய்டோசிஸுக்கு ஆதரவாகவும், வலுவான எதிர்வினை அதற்கு மாறாகவும் எடுத்துக்கொள்ளப்படுகிறது. எனினும் கடுமையான காசநோயிலும் எதிர்வினை இல்லாது போகலாம் என்பதால் இது தனித்துத் தீர்ப்புச் சொல்லாது.

ஐதராபாத்தைச் சேர்ந்த இதய மருத்துவர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு இச்சிக்கலை நன்கு விளக்குகிறது. இதயத்தின் சுருங்குதிறன் குன்றாதிருந்தும் கீழறை மிகைத்துடிப்புக்கு ஆளான 14 நோயாளிகளிடம் நடுமார்புக் கணு வீக்கம் காணப்பட்டது. இதயத் தசையில் ஊடுருவிய கிரானுலோமா நோயே அவர்களின் துடிப்புக் கோளாறுக்குக் காரணமாக இருந்தது. அதன் மூலம் சிலரிடம் சார்காய்டோசிஸ், சிலரிடம் காசநோய். இதயத்தின் படங்கள் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவதில்லை. மார்புக் கணுவின் திசு, நோயை உறுதிசெய்வதோடு எந்த மருந்து என்பதையும் தீர்மானிக்க உதவுகிறது.

வரம்புகள்

மார்பில் கிரானுலோமா கிடைத்துவிட்டது என்பதாலேயே மூளையிலுள்ள புடைப்பும் சார்காய்டோசிஸ்தான் என்று கொள்வது பிழையாகலாம். புற்றுநோய் உள்ள உறுப்பிலிருந்து நிணநீரைப் பெறும் கணுக்களில் சார்காய்டோசிஸை அப்படியே ஒத்த எதிர்வினை தோன்றுவதுண்டு. நிணநீர்ப் புற்றுநோயிலும், பெரிலியம் தூசிக்கு ஆளானவர்களிடமும், சில பூஞ்சைத் தொற்றுகளிலும், புற்றுநோய்க்குத் தரப்படும் சில நோயெதிர்ப்பு மருந்துகளுக்குப் பின்னும் கிரானுலோமா உருவாகும். எனவே இரண்டாம் உறுப்பின் படமும் குறிகளும் நோயோடு பொருந்துகின்றனவா என்பது தனியே மதிப்பிடப்பட வேண்டும். இதற்கென உலக சார்காய்டோசிஸ் கழகம் 2014இல் உறுப்புவாரியான மதிப்பீட்டுக் கருவி ஒன்றை வெளியிட்டது. மருந்து தொடங்கிய பின்னும் ஓர் உறுப்பு மட்டும் தேறாமல் மோசமானால், அவ்வுறுப்பிலிருந்தே திசு எடுப்பதைத் தள்ளிப்போடலாகாது.

எல்லோருக்கும் திசு தேவை என்பதும் இல்லை. இருபுற நுரையீரல் வேர்க்கணு வீக்கம், காய்ச்சல், கணுக்கால் மூட்டுவலி, கால்களில் சிவந்த தடிப்புகள் ஆகியவை சேர்ந்து வரும் லோஃப்கிரன் நோய்த்தொகுதியிலும், ஹீர்போர்ட் நோய்த்தொகுதியிலும், மூக்கிலும் கன்னத்திலும் ஊதா நிறத் தடிப்பாக வரும் லூபஸ் பெர்னியோவிலும் தோற்றமே போதிய சான்று என்பதால், திசு எடுக்காமலிருக்கலாம் என 2020 வழிகாட்டுதல் கூறுகிறது. காசநோய் மலிந்த இடங்களில் இச்சலுகையை மருத்துவர்கள் எச்சரிக்கையுடனேயே கையாள்கின்றனர்.

காலமும் ஒரு வரம்பே. ஸ்டீராய்டு தொடங்கிய பின் கிரானுலோமாக்கள் சுருங்குவதால், திசு எடுப்பதற்குரிய சிறந்த நேரம் மருந்துக்கு முன்னரே. ஆனால் பார்வை நாளுக்கு நாள் மங்கும் நோயாளியை உள்நோக்கி அட்டவணைக்காக வாரக்கணக்கில் காக்கவைக்க முடியாது. தொற்று இல்லை என்று இயன்ற அளவு உறுதிசெய்து மருந்தைத் தொடங்கி, ஓரிரு நாட்களுக்குள் திசு எடுப்பது அப்போது பின்பற்றப்படும் நடுவழியாகும்.

ஊசியில் ஒன்றும் கிடைக்காதபோது நோய் இல்லை என்று பொருளாகாது. போதிய நிணநீர்ச் செல்கள் வந்தனவா, சரியான கணு தொடப்பட்டதா என்பது முதலில் பார்க்கப்படும். பின்னர் நுரையீரல் துணுக்கு ஆய்வோ, மீண்டும் ஒரு ஊசி உறிஞ்சலோ, நிணநீர்ப் புற்றுநோய் ஐயம் வலுவாக இருப்பின் நடுமார்பு உள்நோக்கலோ மேற்கொள்ளப்படுகிறது. மார்பில் எதுவும் அகப்படாத சிலருக்கு, பெட் படம் உடலின் வேறொரு மூலையில், எளிதில் எட்டும் கணு ஒன்றைக் காட்டிக்கொடுப்பதும் உண்டு.